சுங்குடித் துணியில் கட்டிய தாள்கள்

இந்த வாரம் எழுத்துப் பிழை கூடுதலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக நான் எழுதியதை என் மகள் வாசித்து, விட்டுப்போன புள்ளியெல்லாம் வைத்து, பிறகுதான் பத்திரிகைக்குத் தபாலில் சேர்ப்பாள். இதை அவளிடம் காட்டவில்லை. நானே உறையில் வைத்து ஒட்டி, தெருமுனைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதோடு மறதியும் சேர்ந்துகொண்டது. எது முந்தி, எது பிந்தி என்று குழம்பும். போன மாதம் எழுதியதில் கூட என் கல்யாணத்தையும் என் தங்கை கல்யாணத்தையும் கலந்துவிட்டேன் என்று ஒருவர் கடிதம் போட்டிருந்தார். அவர் சொன்னது சரிதான்.

ஆனால் சிலதை மறக்க வேண்டும் என்று நினைத்தாலும் முடிவதில்லை.

ரொம்ப வருஷத்துக்கு முந்தி ஒரு வெயில் காலம். திண்டுக்கல் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடலைக் கடை. என் நாத்தனார் ரஹ்மத் அதன் வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து, பொட்டலம் மடிக்க அடுக்கியிருந்த பழைய தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு பிள்ளையின் பரீட்சைத் தாள், வக்கீல் நோட்டீஸ், கிழிந்த பஞ்சாங்கம். அவள் விரல் நுனியெல்லாம் உப்பு.

"என்னம்மா தேடுற? சொன்னா நானும் பாப்பேன்ல?" என்றார் கடைக்காரர்.

"அரபில எழுதுன தாளுண்ணே. கையெழுத்து. நீல மை."

"அரபா? உங்க வேதத் தாள்ல நான் கடலை மடிப்பேனா தாயி? அப்படி ஒண்ணு கண்ணுல பட்டா அன்னைக்கே பள்ளிவாசல்ல கொண்டுபோய்க் குடுத்துருவேன். எனக்கு நல்லது கெட்டது தெரியாதா?"

"வேதம் இல்லண்ணே. நான் எழுதுனது. என் படிப்பு."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கல்லாவுக்கு அடியிலிருந்து இன்னொரு கட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

நான் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, அவள் பையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றேன். ஒரு தாளைக்கூட நான் புரட்டவில்லை. அந்தத் தாள்கள் எந்தக் கடையிலும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவை எங்கள் தெருக் கிணற்றின் அடியில் கிடந்தன. போட்டவள் நான்.

பொம்பள அஜரத்து

ரஹ்மத் என் வீட்டுக்காரரின் கடைசித் தங்கை. நான் அந்த வீட்டுக்கு வாழப் போனபோது அவளுக்கு எட்டு வயது இருக்கும். என் மாமியார் முந்தியே மவுத்தாகிவிட்டதால், அவளுக்குத் தலை பின்னியதிலிருந்து பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டியது வரை நான்தான். அண்ணன் மனைவியை எங்கள் வீடுகளில் மச்சி என்பார்கள். அவள் 'மச்சி' என்று கூப்பிட்டால் அதில் பாதி 'அம்மா' இருக்கும்.

என் வீட்டுக்காரர் திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் மேஸ்திரி. வேட்டி சட்டையெல்லாம் ஆவாரம்பட்டை வாசனை வீசும். அவருக்கும் படிப்பு கிடையாது. ஆனால் தங்கை பி.ஏ. முடித்துவிட்டு, மெட்ராஸில் ஒரு யுனிவர்சிட்டியில் அரபி எம்.ஏ. படிக்கப் போகிறேன் என்றபோது மறுக்கவில்லை.

"படிக்கட்டும். துபாய்க்குப் போற பயலுக எல்லாம் ஒரு எழுத்துத் தெரியாம முழிக்கிறானுக. நம்ம வீட்ல ஒருத்திக்காவது தெரியட்டும்" என்றார்.

எண்பதுகளின் நடுவில் என்று நினைக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பெண் அதுவரை ஹாஸ்டலில் தங்கிப் படித்ததில்லை. அடுத்த வீட்டுப் பாத்துமா அக்கா சும்மா விடுவாளா? பள்ளிவாசலில் ஓதிக்கொடுப்பவரை அஜரத்து என்போம்; அதை வைத்துக் கேலி செய்தாள்.

"ஏ ரஹ்மத்து, பொம்பள அஜரத்து ஆகப் போறியாமே? எந்தப் பள்ளிவாசல்ல உனக்கு இடம் போட்டு வச்சிருக்காக?"

"முத வேலையே உங்க வீட்லதான் அக்கா. உங்க மருமகனுக்கு ஓதிப் பாக்கணும்ல, மந்திரிச்ச மாதிரியே திரியிறாரு."

பாத்துமா அக்கா சிரித்துவிட்டாள். ரஹ்மத்துக்கு வாய் அப்படி.

நான் என்ன நினைத்தேன் என்றால், அங்கே குர்ஆனைத்தான் இன்னும் பெரிய அளவில் ஓதிக் கொடுப்பார்கள் என்று. நானும் சின்ன வயதிலேயே முப்பது ஜுஸுவும், அதாவது முப்பது பாகமும், ஓதி முடித்தவள். தடங்கலில்லாமல் ஓதுவேன். ஒரு வார்த்தைக்குக்கூட அர்த்தம் தெரியாது. எங்கள் காலத்தில் அர்த்தம் கேட்டவர்கள் யாரும் இல்லை.

"குர்ஆன் ஒரு பாடந்தான் மச்சி. மத்தது இலக்கணம், சரித்திரம், பாட்டு. மிசுரு நாட்டுல, அதான் எகிப்துல, எப்படி இருந்தாக, துருக்கில எப்படிக் கட்டடம் கட்டுனாக, எல்லாம் இருக்கு. ஒட்டகத்தப் பத்தி ஒரு பாட்டு மட்டும் ரெண்டு பக்கம்."

"ஒட்டகத்தப் பத்தியா? இந்த எழுத்துலயா?"

"இந்த எழுத்துலதான். கள்ளைப் பத்திக்கூட இருக்கு."

"யா அல்லா! அத வச்சா படிக்கிறீக?"

"பரீட்சையே வைக்கிறாக மச்சி."

பேரீச்சம்பழப் பெட்டி

இந்த இடத்தில் ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் நான் செய்தது விளங்காது.

எங்கள் வீடுகளில் அரபு எழுத்து உள்ள எதையும் குப்பையில் போட மாட்டோம். காலில் மிதிபடக் கூடாது. கிழிந்த ஜுஸு, காலண்டர் தாள், பிள்ளைகள் ஓதுகிற புத்தகத்தின் உதிர்ந்த பக்கம், எல்லாவற்றையும் ஒரு துணியில் சேர்த்து வைத்து, ஒரு கல்லோடு கட்டிக் கிணற்றில் இறக்கிவிடுவோம். குடிக்கிற தண்ணீருக்குக் குழாய் இருந்தது. அந்தக் கிணறு துவைக்கத்தான். தெருவில் எல்லார் வீட்டிலும் இதுதான் வழக்கம்.

மக்காவுக்குப் போய் வந்த ஒருவர் பேரீச்சம்பழம் கொடுத்தார். பழம் ஒரே நாளில் தீர்ந்துபோனது. பெட்டியின்மேல் பச்சை நிறத்தில் அரபு எழுத்து இருந்ததால், அதைச் சுவர் மாடத்தில் வைத்தேன். தினமும் விடியலில் சுபுஹு தொழுததும் அதைத் தொட்டு முத்தம் வைத்துக்கொள்வேன். ஐந்தாறு வருஷம் அப்படி நடந்தது.

லீவுக்கு வந்த ரஹ்மத் ஒரு நாள் அதைக் கையில் எடுத்து வாசித்தாள். முகம் ஒரு மாதிரிப் போனது.

"என்ன புள்ள எழுதியிருக்கு?"

"ஈரம் படாத இடத்துல வைக்கவும்னு போட்டிருக்கு மச்சி."

"வச்சிருக்கேன்ல?" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அதோடு முடிந்திருந்தால் சரி. பாத்துமா அக்கா ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டாள். மறுநாளே தெரு முழுக்கத் தெரிந்துபோனது. தண்ணீர்க் குழாயடியில் என்னைக் கண்டால், "ஏத்தா, இன்னைக்குப் பெட்டிக்கு முத்தம் குடுத்தாச்சா?" என்பார்கள். பிறகு சோப்புப் பெட்டி, தைல டப்பா என்று எதையாவது நீட்டி, "இதுக்கும் ஒண்ணு குடு" என்பார்கள்.

ரஹ்மத் அவர்களோடு சண்டைக்கே போய்விட்டாள். நான் தடுத்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து மனசுக்குள் ஒரு முள். எனக்குப் பெருமையாக இருந்தது ஓதுவது ஒன்றுதான். அதையும் அவள் வாங்கிக்கொண்டாள் என்று தோன்றியது. அவள் எதையும் வாங்கவில்லை. இப்போது தெரிகிறது.

சட்டியைப் பார்த்துப் பாடியது

கடைசி வருஷத்தில் ஒரு கட்டுரைப் புத்தகம் எழுதிக் கொடுத்தால்தான் பட்டம் என்றாள். நம் வீட்டுப் பெண்கள் பிள்ளை பெற்ற வீட்டிலும் கல்யாண வீட்டிலும் பாடுகிற பாட்டு, அதில் கலந்துவரும் அரபு வார்த்தைகள், அவை எந்த ஊர் வழியாக இங்கே வந்தன என்பதுதான் விஷயம்.

"இதைப் போயா படிப்புங்கிற?" என்று கேட்டேன்.

"இதுதான் மச்சி படிப்பு. எங்க சார் சொல்றாரு, இத யாரும் எழுதி வைக்கலையாம்."

அடுப்பங்கரையில் என்னைப் பாடச் சொன்னாள். எனக்கு ஒரே கூச்சம். வாய் திறக்கவில்லை.

"என்னைப் பாக்காதீங்க. சட்டியப் பாத்துப் பாடுங்க."

கத்திரிக்காயைக் கிண்டிக்கொண்டே பாடினேன். அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதினாள். நாலைந்து நாள் அப்படி. வெஞ்சனம் ஒரு நாள் அடிப்பிடித்துவிட்டது.

வீட்டில்தான் எழுதினாள். நடு அறைத் தரையில் தாள்களைப் பரப்பி, பறக்காமல் இருக்கப் பழைய பூட்டுகளை மேலே வைத்திருப்பாள். எங்கள் ஊரில் பூட்டுக்கா பஞ்சம்? விளக்கமெல்லாம் அரபியில், நீல மையில். ஓரத்தில் பொடிப்பொடியாகப் பென்சிலில் தமிழ். எங்கே பார்த்தாலும் அடித்தல், திருத்தல், அம்புக்குறி. இதைப் பார்த்து நல்ல தாளில் எழுதி, ஒரு மாதத்துக்குள் மெட்ராஸில் கொடுக்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை

அன்று அவள் ஒரு பழைய ஏட்டைப் பார்ப்பதற்காகக் காலை பஸ்ஸில் மதுரைக்குப் போயிருந்தாள். ஆண்கள் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டார்கள். தெரு வெறிச்சென்று கிடந்தது.

நான் பின்பக்கம் துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால், என் கைக்குழந்தை நடு அறையில் தவழ்ந்து போய், பூட்டை எல்லாம் தள்ளிவிட்டு, தாள்களின் நடுவே உட்கார்ந்திருக்கிறாள். தாள்கள் காற்றில் பறந்து கட்டிலுக்கு அடியிலும் வாசற்படியிலும் கிடக்கின்றன. அவள் உட்கார்ந்திருந்த தாள் நனைந்திருந்தது. ஒன்றுக்கு இருந்துவிட்டாள். அரபு எழுத்தின்மேல்.

இன்றைக்கு எனக்குப் பிழை திருத்துகிற மகள்தான் அந்தக் குழந்தை.

எனக்குப் பாவம் பிடித்துவிடும் என்கிற பயம். குழந்தையைத் தூக்கி ஓரமாக உட்காரவைத்துவிட்டு, எல்லாத் தாளையும் வாரினேன். நனைந்ததை மட்டும் எடுத்திருக்கலாம். வாரும்போது பார்க்கிறேன், ஒரு பக்கம்கூட அடிக்காத பக்கம் இல்லை. வேண்டாம் என்று அவளே அடித்துப்போட்டது என்றுதான் நினைத்தேன். எழுதுகிறவர்கள் அடித்து அடித்துத்தான் எழுதுவார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. பள்ளிக்கூடத்தில் அடித்தால் அது தப்பு. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இந்தத் தொடருக்காக நானே எத்தனை தாளை அடித்துப் போட்டிருக்கிறேன்!

என் பழைய சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலையில் ஒரு துண்டு கிழித்தேன். அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி. அதில் தாள்களை வைத்து, அம்மிக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு கல்லையும் வைத்துக் கட்டி, கிணற்றில் இறக்கினேன். கொஞ்ச நேரம் குமிழி வந்தது. பிஸ்மி என்று அல்லாவின் பெயரைச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். நல்ல காரியம் செய்தது போல நெஞ்சு லேசாக இருந்தது.

இதுவரைக்கும் தெரியாமல் செய்தது என்று சொல்லலாம். இத்தனை வருஷமாக எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் கட்டும்போது அந்தப் பென்சில் தமிழ் என் கண்ணில் பட்டது. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். நின்று வாசிக்கவில்லை.

"இல்ல புள்ள"

சாயங்காலம் அவள் வந்தாள். அறையைப் பார்த்தாள். முதலில் சிரித்துக்கொண்டே, "மச்சி, எங்க எடுத்து வச்சீங்க?" என்று கேட்டாள்.

நான் வாய் திறப்பதற்குள் அவள் கட்டிலுக்கு அடியில் குனிந்துவிட்டாள். பெட்டியைத் திறந்தாள். பாயை உதறினாள்.

"மச்சி, அது ஒண்ணுதான் இருக்கு. வேற பிரதி இல்ல. கூட்டும்போது பாக்கலையா?"

அப்போதுதான் நான் போட்டது என்ன என்று எனக்குப் புரிந்தது. அடுத்த நிமிஷம் குழாயடி கண்முன்னால் வந்தது. பேரீச்சம்பழப் பெட்டிக்கே அந்தச் சிரிப்பு. இதற்கு என்ன சிரிப்பு சிரிப்பார்கள்? என் வீட்டுக்காரர் என்ன சொல்வார்?

"இல்ல புள்ள" என்றேன்.

இரண்டே வார்த்தை. என் வீட்டுக்காரர் வந்ததும் வீட்டையே புரட்டிப்போட்டார். "அந்தப் பழைய பேப்பர்காரன் இன்னைக்கு வந்தானா?" என்று என்னைக் கேட்டார். பேப்பர்காரர் வந்திருந்தார்தான். முந்தின வீட்டோடு திரும்பிவிட்டார். நான் தலையை ஆட்டினேன். வந்தாரா என்பதற்குத்தான் ஆட்டினேன். அவர் எடுத்தார் என்று ஆட்டவில்லை. ஆனால் அது எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்று தெரிந்துதான் ஆட்டினேன்.

மறுநாள் அந்தப் பேப்பர்காரரைத் தெருமுனையில் பிடித்து நிறுத்தினார்கள். வயசானவர். சைக்கிள் கேரியரில் தராசு. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"ஐயா, வீட்டுக்குள்ள கால் வச்சதில்லீங்க. அந்த எழுத்துத் தாள நான் தொடவே மாட்டேங்க. என் புள்ளைக மேல சத்தியமுங்க."

"பின்ன காலு மொளச்சு நடந்து போச்சா?" என்றார் என் வீட்டுக்காரர். கூட நின்றவர்கள் இனி இந்தத் தெருப் பக்கம் வரக்கூடாது என்று விரட்டிவிட்டார்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். ஏறி மிதிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கடை கடையாகப் போனோம். கடலைக் கடை, பூட்டுச் சுற்றித் தருகிற கடை, பிரியாணிக் கடை, பஸ் ஸ்டாண்டில் ஆயக்குடிக் கொய்யா விற்கிற அம்மாளின் கூடை வரைக்கும். மூன்று நாள். மலைக்கோட்டைப் பாறை காய்ந்து அனல் அடிக்கும். ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கும்போதும், இதோ இந்தக் கடை முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அடுத்த கடை வந்துவிடும்.

கடைசி நாள் எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தாள்.

"எங்கூட நீங்களும் அலையிறீங்க. அண்ணன்கூட நேத்தே விட்ருன்னு சொல்லிருச்சு. நீங்க இல்லாட்டி நான் என்ன பண்ணுவேன் மச்சி?"

அந்த சோடாவைக் குடித்து முடித்தேன்.

அவளுக்கு அந்த வருஷம் போனது. பட்டம் வாங்காமல் வீட்டில் இருந்தாள். மறுபடி பாடச் சொல்லி என்னைக் கேட்டாள். "மறந்துருச்சு புள்ள" என்று சொல்லிவிட்டேன். மறக்கவில்லை. சட்டி முன்னால் உட்கார்ந்து அவளுக்கு அதைத் திரும்பப் பாடுகிற தைரியம் எனக்கு இல்லை.

தூர் வாரிய நாள்

மறு கோடையில் கிணறு வற்றியது. தெருவில் பேசி, தூர் வார ஆள் விட்டார்கள். பெண்கள் எல்லாம் சுற்றி நின்றோம். ரஹ்மத்தும் நின்றாள். கீழேயிருந்து ஒருவர், "ஏலே, மெதுவா இழு, துணி மூட்டையா வருது" என்று குரல் கொடுத்தார்.

வாளியில் நாலைந்து மூட்டை வந்தது. எல்லார் வீட்டிலிருந்தும் போட்டதுதானே.

"குர்ஆன் தாளா இருக்கும், பிரிக்காதீக. எங்கயாச்சும் பொதைச்சிருங்க" என்றாள் பாத்துமா அக்கா.

ஒரு மூட்டை அரக்கு நிறம். சேறு வழிந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அந்தச் சேலையில் மீதியை நான் அடுப்பங்கரையில் கைப்பிடித் துணியாக வைத்திருந்தேன். ரஹ்மத் அதைத் தினமும் தொடுகிறவள்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "நானே பொதைச்சுக்கிறேன்" என்று எல்லா மூட்டையையும் வாங்கிக்கொண்டு எங்கள் பின்பக்கத்துக்குப் போனாள். அரக்கு மூட்டையை மட்டும் துவைக்கிற கல்லில் வைத்துப் பிரித்தாள். கூழாகிப் போன தாள்களில் சிதையாமல் இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கல்லில் ஒட்டினாள். பிறகு மண்வெட்டி எடுக்க உள்ளே போனாள்.

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். நீல மை முழுக்கக் கரைந்துவிட்டது. அரபி ஒரு எழுத்துகூட இல்லை. பென்சில் கரையவில்லை. தமிழ் அப்படியே இருந்தது. ஒரு தாளின் ஓரத்தில், 'மச்சி சொன்னது' என்று இருந்தது. அடுத்த தாளில், 'இதுவும் மச்சி சொன்னது'. அடுத்ததில், 'மச்சியிடம் திரும்பக் கேட்க வேண்டும்'.

அவள் மண்வெட்டியோடு வந்து நின்றாள். நான் நகர்ந்துகொண்டேன். முருங்கைக்கு அடியில் குழி தோண்டி எல்லாவற்றையும் வைத்து மூடினாள்.

மறுநாள் காலையில் தொழுதுவிட்டு மாடத்தைப் பார்த்தேன். முன்பு பேரீச்சம்பழப் பெட்டி இருந்த இடத்தில் அந்தச் சுங்குடித் துண்டு, துவைத்துக் காயவைத்து, நாலாக மடித்து வைத்திருந்தது.

ஒரு நாளும் அவள் அதைப் பற்றிக் கேட்டதில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை. அவர் கடைசி வரைக்கும் பேப்பர்காரரைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். ரஹ்மத் அப்புறம் வேறு விஷயம் எழுதிப் பட்டம் வாங்கினாள். காலேஜில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டாள். இப்போதும் பெருநாளைக்குப் பெருநாள் போன் பண்ணுவாள். "மச்சி, சாப்டீங்களா?" என்பாள். அந்தக் குரலில் குறை எதுவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவள் இந்தப் பத்திரிகையை வாராவாரம் வாங்குகிறாள் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பேப்பர்காரர் பெயர் கருப்பையாவா, கருப்பணனா என்று நினைவில்லை. அவர் வீட்டு ஆட்கள் யாராவது இதை வாசித்தால் பத்திரிகைக்கு எழுதிச் சொல்ல வேண்டும். அவர் எடுக்கவில்லை.

மற்றபடி தாள் எத்தனை, அலைந்தது மூன்று நாளா நாலா, நான் பாடியது எத்தனை பாட்டு, இதெல்லாம் எனக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்தவள் ஒருத்திதான். ரஹ்மத், நான் எழுதியதில் தப்பு இருந்தால் அடித்துத் திருத்தி அனுப்பு. பென்சிலால் எழுது.